தனிச் சாக்சபோன்: தாளில் எழுதாததை எப்படி வாசிப்பது?

அரியாலை_அல்ரோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடப் பாண்டில் தொடங்கி, பிறகு தேவாலயம், கலியாண வீடு, இசைக்குழு என்று அல்ரோ சாக்சபோன் வாசித்து வருகிறேன். இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய நாற்சார் வீட்டு முற்றத்தில் சின்ன நிகழ்ச்சி ஒன்று செய்யச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். கீபோர்ட் இல்லை, ட்ரம்ஸ் இல்லை, பின்னணி ட்ராக்கும் இல்லை. சினிமாப் பாட்டும் வேண்டாமாம். இந்தக் கருவிக்கென்றே எழுதிய சமகாலத் தனி இசைதான் வேண்டுமாம்.

ரியோ நோடாவின் ‘இம்ப்ரொவைசேஷன் 1’ (1972) எடுத்திருக்கிறேன். பெயர்தான் அப்படி, உள்ளே சுரங்கள் எழுதித்தான் இருக்கின்றன. ஆனால் தாளக் கோடு இல்லை. ஒரு நீண்ட சுரம், பிறகு நிறுத்தம், பிறகு கால் சுரம் கீழே இழுப்பு, மறுபடி நிறுத்தம். யூரியூப்பில் இரண்டு பேர் வாசித்ததைக் கேட்டால் இரண்டு வேறு உருப்படி போல இருக்கிறது. நிறுத்தத்தை எவ்வளவு நேரம் வைப்பது? அடுத்ததாக அவருடைய ‘மாய்’ (1975) பார்க்கிறேன். அதில் வரும் மல்ரிபோனிக்குகளுக்கு (ஒரே ஊதலில் பல சுரம் ஒலிப்பது) அட்டவணைப்படி விரல் பிடித்தாலும் எனக்கு ஒரு சுரம்தான் வருகிறது. ஏன்? தாளைப் பார்த்து வாசிக்கலாமா, இல்லை மனப்பாடமா?

பாண்ட்_மாஸ்ரர் எழுதியது:

தம்பி, நான் பழைய ஆள், கோபிக்க வேண்டாம். தாளில் எண்ணிக்கை இல்லாவிட்டால் நீர் ஒன்றை வைத்துக்கொள்ளும். மெட்ரோனோமை (அடி எண்ணித் தட்டும் கருவி) 60இல் விட்டு நிறுத்தத்துக்கு 4 அடி, பெரிய நிறுத்தத்துக்கு 6 அடி. மேடையில் பதற்றம் வந்தால் எல்லாரும் நிறுத்தத்தைத்தான் முதலில் விழுங்குவார்கள். எண்ணிக்கை இருந்தால் அது நடக்காது.

இன்னொன்று. இந்தக் கீச்சுச் சத்தங்களுக்கும் சாவி தட்டுகிற சத்தங்களுக்கும் முன்னால் லோங் ரோன், அதாவது நீட்டிப் பிடிக்கிற ஒற்றைச் சுரம், ஒழுங்காக வரவேண்டும். தனியே வாசிப்பது ஒன்றும் புதிதில்லை. ஜாஸ் கலைஞர் கோல்மன் ஹோக்கின்ஸ் 1948இல் ரெனர் சாக்சபோனோடு தனியே நின்று ‘பிக்காசோ’ பதிவு செய்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஹார்மனி எங்கே போகிறது என்று கேட்பவருக்குத் தெரியும். அந்த ஒழுங்கு இல்லாமல் வெறும் சத்தம் போட்டால் முற்றத்தில் இருக்கிறவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

செயின்_கரை எழுதியது:

நான் பாரிஸில் இருக்கிறேன், இங்கே கொன்சர்வத்துவாரில் (இசைக் கல்லூரி) சாக்சபோன் படித்தேன். சேர் சொன்ன மெட்ரோனோம் யோசனை வீட்டுப் பயிற்சிக்கு நல்லது. மேடைக்கு அதைக் கொண்டு போனால் நோடா செத்துவிடுவார்.

காரணம் இதுதான். நோடா ஜப்பானியர், பிரான்சில் சாக்சபோன் ஆசிரியர் ஜோன்-மாரி லொன்டெக்ஸிடம் படித்தவர். அந்த இம்ப்ரொவைசேஷன்களில் அவர் அல்ரோவிடம் கேட்பது ஷகுஹாச்சி என்ற மூங்கில் குழலின் நடத்தையை. அங்கே ஒரு மூச்சுத்தான் ஒரு வாக்கியம். சுரம் காற்றோடு தொடங்கும், நடுவில் நிலைக்கும், முடிவில் சட்டென்று வெட்டப்படும், அல்லது தேய்ந்து காற்றாகும். நிறுத்தத்தின் நீளம் அந்த முடிவைப் பொறுத்தது. வெட்டி முடித்தால் அந்த வெட்டு முற்றத்தில் அடங்கும்வரை நில்லுங்கள். தேய்ந்து முடிந்தால், சுரம் எங்கே முடிந்தது என்று கேட்பவருக்கே சந்தேகமாக இருக்கும், அந்தச் சந்தேகம் தீர்வதற்கு முன்னால் அடுத்ததைத் தொடங்கிவிடலாம். இரண்டும் 4 அடியில் அடங்காது.

விப்ராற்றோவும் (சுரத்தை நடுங்க வைப்பது) அப்படித்தான். பாண்டிலும் தேவாலயத்திலும் பழகிய ஒரே வேகத் தாடை விப்ராற்றோவை இங்கே போடக்கூடாது. நேராகத் தொடங்கி, மெதுவாக அகலமாக்கி, விரைவாக்கி, மறுபடி நேராக்க வேண்டும். தாளில் ஓர் அலைக்கோடுதான் இருக்கும். மிச்சம் எல்லாம் கேட்டுக் கேட்டு வருவது.

மல்ரிபோனிக் பற்றி. சாக்சபோன் கூம்புக் குழாய். சாதாரண விரலமைப்பில் அதன் ஒத்ததிர்வுகள் ஒன்றுக்கொன்று இசைவாக நிற்கும், அதனால் ஒரு சுரம் கேட்கும். மல்ரிபோனிக் விரலமைப்பில் நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அந்த இசைவைக் கெடுக்கிறோம். றீட்டுக்கு (ஊதும் வாயில் அதிர்கிற நாணல் தகடு) இரண்டு மூன்று வழி தெரிகிறது, எதைப் பிடிப்பது என்று தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைத் தொண்டையாலும் உதட்டாலும் நடுவில் நிறுத்துவதுதான் வேலை. முதலில் அதே விரலமைப்பில் கீழ்ச்சுரத்தை மட்டும் எடுங்கள். பிறகு மேல்சுரத்தை மட்டும். பிறகு கீழேயிருந்து மேலே மெதுவாகப் போங்கள், போகிற வழியில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் ஓர் இடம் இருக்கும். அங்கே நின்றுவிடுங்கள். பலமாக ஊதினால் வரும் என்று நினைப்பார்கள். பல மல்ரிபோனிக்குகள் மெல்ல ஊதினால்தான் வரும்.

அட்டவணைகளை வேதவாக்காக எடுக்க வேண்டாம். டானியேல் கியென்சி 1980களில் தொகுத்த பெரிய அட்டவணையாக இருந்தாலும் சரி, அதற்குப் பிறகு வந்தவையாக இருந்தாலும் சரி, அவை குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட மவுத்பீசில் சோதித்தவை. உங்களுடையது யமஹாவோ சீனக் கருவியோ என்றால் ஒரு சாவியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். இசையமைப்பாளருக்கு வேண்டியது அந்த ஒலியின் குணம், அந்த விரல் படம் இல்லை.

ஒத்துக்காரன் எழுதியது:

பிள்ளைகள், நான் சாக்சபோன் தெரியாதவன். இணுவில் பக்கம், நாயனக்கார (நாதஸ்வர) குடும்பம். ஆனால் இந்த நிறுத்தக் கதை எனக்கு விளங்குகிறது.

ராக ஆலாபனையில் நாங்களும் நிறுத்துகிறோம். யார் எண்ணுகிறார்கள்? காந்தாரத்தில் நின்றால் ஒரு நிறுத்தம், பஞ்சமத்தில் வந்து அமர்ந்தால் வேறு நிறுத்தம். கேள்வி மிச்சம் இருக்கிற சுரத்தில் நின்றால் கூட்டம் தானே காத்திருக்கும். தம்பி அரியாலை, உமக்குக் கோயில் வீதியில் கேட்ட காது இருக்கிறது, பிறகேன் மெட்ரோனோமிடம் கேட்கிறீர்? அளவெட்டி பத்மநாதன் ஆலாபனை வாசித்த பதிவு ஏதாவது ஒன்றைப் போட்டு, வாசிக்கிற இடத்தை விட்டுவிட்டு வாசிக்காத இடத்தை மட்டும் கேட்டுப் பாரும்.

மனப்பாடம் பற்றிக் கேட்டீர். தாளை வைத்துக்கொண்டு நாயனம் வாசித்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

அரியாலை_அல்ரோ எழுதியது:

ஒத்துக்காரன் அண்ணை, நன்றி. செயின்_கரை அக்கா, கீழ்ச்சுரம் மேல்சுரம் முறையில் ஒரு மல்ரிபோனிக் பிடிபட்டது! கொஞ்சம் நடுங்குகிறது, ஆனால் இரண்டும் கேட்கிறது.

அண்ணை சொன்னதிலிருந்து ஒரு யோசனை. கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் கர்நாடக சங்கீதம் முழுதாக வாசித்தார். 1994இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பிபிசி புரோம்ஸ் இசைவிழாவிலும் வாசித்தார். கமகம் எல்லாம் இந்தக் கருவியில் வரும் என்று அவர் காட்டிவிட்டார். அப்படியானால் நோடாவின் நீண்ட சுரங்களுக்கு நான் எங்கள் கமகத்தைக் கொடுத்தால் என்ன? யாழ்ப்பாணத்தில் வாசிக்கிறோம், எங்கள் வாசனை இருந்தால் நல்லதுதானே?

செயின்_கரை எழுதியது:

தம்பி, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப் போகிறேன்.

கோபால்நாத் செய்தது பெரிய வேலை. சுரத்துக்குச் சுரம் தாவுவதற்காகச் செய்த சாவிகளை வைத்து, உதட்டாலும் தாடையாலும் மூச்சாலும் சுரங்களுக்கு இடையில் வழுக்க வைத்தார். அவர் தகப்பனார் நாதஸ்வரக்காரர், அந்தக் காது அவரிடம் இருந்தது. ஆனால் அவர் தன் இசைக்காகக் கருவியை வளைத்தார். நீங்கள் இப்போது கேட்பது வேறொருவர் எழுதிய இசையை நம் கைப்பழக்கத்துக்காக வளைக்கலாமா என்று.

இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோவின் ‘சீக்குவென்சா’ வரிசையில் ஏழாவதை எடுங்கள். 1969இல் ஓபோ என்ற குழல் வாத்தியத்துக்காக, அதை வாசிக்கும் ஹைன்ஸ் ஹொலிகருக்காக எழுதியது. 1993இல் சாக்சபோன் கலைஞர் க்ளோட் டெலாங்கிள் அதை சொப்ரானோ சாக்சபோனுக்கு மாற்றினார், 7பி என்பார்கள். தொடக்கத்தில் ஒரே ‘பி’ சுரம் திரும்பத் திரும்ப வரும். வெவ்வேறு விரலமைப்பு, வெவ்வேறு பலம், வெவ்வேறு நீளம். சுரம் நகரவே கூடாது, நிறம் மட்டும் மாற வேண்டும். மேடைக்கு வெளியே எங்கிருந்தோ அதே ‘பி’ உருப்படி முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கும். இங்கே ஒரு முடி அளவு கமகம் போட்டாலும் கேட்பவரின் காது சுரத்தின் பின்னால் போய்விடும், நிறத்தைத் தவறவிடும். ஷெல்சியின் ‘த்ரே பெட்சி’யும் (1956, சொப்ரானோ அல்லது ரெனர்) ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றித்தான் கட்டியது. அங்கேயும் அலங்காரம் போட்டால் கட்டடம் தெரியாது.

நம் ஆட்களுக்கு இந்த இசையில் மிகக் கடினமானது ஸ்லாப்பும் (நாக்கால் றீட்டை அடித்து எழுப்பும் சத்தம்) இல்லை, மல்ரிபோனிக்கும் இல்லை. அசையாத சுரம்தான். தாடை தானாகவே அசைகிறது. ரியூனரை (சுருதி காட்டும் கருவி) முன்னால் வைத்து, ஊசி நகராமல் பலத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பழகுங்கள். சாக்சபோனில் மெல்ல ஊதும்போது சுரம் ஏறும், பலமாக ஊதும்போது இறங்கும், அதனால் அது லேசில்லை.

நோடாவில் வளைவு இருக்கிறது, ஆனால் எங்கே எவ்வளவு என்று எழுதியிருக்கிறார். எழுதிய இடத்தில் தாராளமாக வளையுங்கள். எழுதாத இடத்தில் கையை வைக்க வேண்டாம்.

ஒத்துக்காரன் எழுதியது:

அக்கா சொன்ன அந்த வெளியிலிருந்து வருகிற சுரம், அதுதானே எங்கள் ஒத்து!

இளம் ஆட்களுக்குத் தெரியாது. சுருதிப்பெட்டி வருவதற்கு முன்னால் நாயனத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்று ஒரு குழல் இருந்தது. விரல் துளை இல்லை, ஒரே சுரம். கச்சேரி முடியும்வரை அதை ஒருவர் விடாமல் ஊத வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கி, அதைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு எடுப்பார். நீங்கள் இப்போது சுழல்மூச்சு என்று காசு கட்டிப் படிக்கிறது அதுதான். ஒருவரும் அவருக்குக் கைதட்டியதில்லை. இப்போது அந்த இடத்தைப் பெட்டி பிடித்துவிட்டது.

பாண்ட்_மாஸ்ரர் எழுதியது:

ஒத்துக்காரன், அப்படியென்றால் தம்பி 7பி வாசிக்கட்டும், நீர் ஒத்து ஊதும். பிரச்சினை முடிந்தது.

ஒத்துக்காரன் எழுதியது:

முடியாது மாஸ்ரர். ஒத்து அந்தந்த நாயனத்தின் சுருதிக்கு அளந்து செய்தது. பாரி நாயனம் 2, 2½ கட்டையில் நிற்கும். ‘பி’ என்றால் 7 கட்டை. ஆசைக்குச் சீவாளியை மாற்றினால் அவ்வளவு தூரம் போகாது.

செயின்_கரை எழுதியது:

எந்தக் கருவியாலும் அந்தச் சுரத்தைப் பிடிக்கலாம், அசையாமல் இருந்தால் போதும். மறைவில் ஒருவர் வாசித்தாலும் சரி, பதிவாக விட்டாலும் சரி. ஃபோன் சுருதி ஆப்பில் மட்டும் ஒரு கவனம். பெரும்பாலும் அவை தம்புராவின் மீட்டலோடு ‘சா’வும் ‘பா’வும் சேர்த்துத் தரும். இங்கே ‘பா’ வரவே கூடாது, மீட்டலும் கூடாது. ஒற்றைச் சுரம், அலையில்லாமல், சாக்சபோனின் மிக மெல்லிய இடத்தை விடக் கொஞ்சம் மெல்லியதாக. ஒலிபெருக்கியைக் கேட்பவர் கண்ணில் படாத அறைக்குள் வையுங்கள். நாற்சார் வீட்டில் அதற்கு அறைக்குப் பஞ்சமா?

ஆனால் தம்பி, முதல் நிகழ்ச்சிக்கு 7பி வேண்டாம் என்பேன். அதன் நேரக் கட்டமே 13 வரி, ஒவ்வொரு வரியிலும் 13 பெட்டி. பெட்டிகளின் நேரம் விநாடியில் எழுதியிருக்கும். உங்கள் நிறுத்தக் கேள்விக்கு நேர் எதிரான உலகம். அங்கே சேரின் மெட்ரோனோம்தான் ராஜா.

சும்மா_வந்தவள் எழுதியது:

நான் வாசிப்பவள் இல்லை, கேட்பவள். இப்படி ஒரு தனி நிகழ்ச்சி கொழும்பில் கேட்டேன். வாசித்தவர் நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்வரிசை கைதட்டியது. மூன்றாம் தடவை அவர் முகம் மாறிவிட்டது, அதற்குப் பிறகு நிறுத்தங்களைக் குறைத்து ஓடினார். இதுவும் வாசிப்பு முறைக்குள் வராதா? உடம்பு எப்படி நிற்கிறது என்பது? கருவியை உதட்டிலிருந்து எடுத்தால் முடிந்தது என்றுதானே நாங்கள் நினைப்போம்.

இன்னொன்று, இங்கே முற்றம் என்றால் காகம், மோட்டார் சைக்கிள், கோயில் குழாய் எல்லாம் உள்ளே வரும். ஆடி, ஆவணியில் வைத்தால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒலிபெருக்கியோடு போட்டிதான்.

செயின்_கரை எழுதியது:

கட்டாயம் வரும். நல்ல கேள்வி. நிறுத்தத்தில் உறைந்து நிற்பது எழுதாத சட்டம். கருவி உதட்டில், அல்லது உதட்டுக்கு மிக அருகில். விரல் அடுத்த சுரத்தில் தயார். கண் எங்கும் அலையக்கூடாது. முடிந்த பிறகு மட்டும் தோளைத் தளர்த்திக் கருவியை இறக்குங்கள், அதுவே சொல்லிவிடும். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்ரொக்ஹவுசன் ‘இன் ஃப்ரொயின்ட்ஷாஃப்ட்’டில் (1977) இதை இன்னும் தூரம் கொண்டு போனார். மேல்வரி கீழ்வரி இரண்டையும் கேட்பவர் பிரித்து அறிய, வாசிப்பவர் கருவியைப் பக்கம் மாற்றித் திருப்ப வேண்டும். அதைத் தாள் தாங்கியின் முன்னால் கட்டுண்டு நின்று செய்ய முடியாது. மனப்பாடம் பற்றிய கேள்விக்கும் இதுதான் என் பதில்: நோடா மனப்பாடம், மற்றவை வசதிப்படி.

ஒத்துக்காரன் எழுதியது:

எங்கள் சனம் பொறுமையில்லாத சனம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மேளச்சமாவில் (நாயன, தவில் கச்சேரி) விடிய விடிய மணலில் இருந்து கேட்ட ஊர் இது. தட்சிணாமூர்த்தியின் தவில் தனிக்கு மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் அது வெளிவீதியில் ஊரைக் கூப்பிடுகிற வாத்தியம். உங்களுடையது காதுக்குள் சொல்கிற சங்கதி போலிருக்கிறது. அறுபது பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம், அருகில் சுற்றி இருத்தும்.

பாண்ட்_மாஸ்ரர் எழுதியது:

ஒலிபெருக்கி பற்றி நான் சொல்கிறேன், இது என் துறை. சவுண்ட்காரப் பொடியன் வந்து மைக்கைக் கொண்டுபோய் பெல்லுக்குள் (குழலின் விரிந்த வாய்) சொருகுவான். விடக்கூடாது. சாக்சபோனின் சத்தம் திறந்திருக்கிற துளைகள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே வரும். மிகக் கீழ்ச்சுரங்களுக்குத்தான் பெல் முழுதாக வேலை செய்கிறது. பெல்லில் மைக் வைத்தால் கீழ் ‘பி பிளாட்’ இடி மாதிரி விழும், நடுச்சுரங்கள் காணாமல் போகும். இடது வலது கைகளுக்கு நடுவில், ஓர் அடிக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்லும். எக்கோ பூச்சியம். இயலுமானால் மைக்கே வேண்டாம், முற்றம் தாங்கும். சாவி தட்டும் சத்தம் மட்டும் பின்வரிசைக்குக் கேளாது.

றீட் காற்றில் காய்ந்துவிடும், முக்கியமாக நீர் நீண்ட நேரம் நிறுத்தி நிற்கப் போகிறீர் என்பதால். தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் இருக்கட்டும். பிளாஸ்ரிக் றீட் காயாது, ஆனால் மல்ரிபோனிக் அதில் எப்படி வருகிறது என்று முதலே பார்த்துக்கொள்ளும்.

சுழல்மூச்சு வேண்டுமா இல்லையா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இப்போது எல்லாரும் அதைக் காட்டுவதற்கென்றே வாசிக்கிறார்கள். கன்னம் ஊதுவதைப் பார்த்துச் சனம் கைதட்டுகிறது, இசைக்கு இல்லை.

செயின்_கரை எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன் சேர். நோடாவில் சுழல்மூச்சு போட்டால் அது தவறு என்றே சொல்வேன். மூச்சு முடியும் இடத்தில்தான் வாக்கியம் முடிகிறது, மூச்சு எடுக்கும் சத்தமும் உள்ளே சேர்ந்தது. ஆனால் கிறிஸ்டியன் லோபாவின் ‘பலஃபோன்’ அது இல்லாமல் இல்லை. ஆபிரிக்க மரச்சட்ட வாத்தியத்தை நினைத்து எழுதியது, மிக மெல்லிய ஒலி இடைவெளியே இல்லாமல் ஓடும். எங்கே மூச்சு மாறியது என்று தெரிந்தால் உருப்படி உடைந்துவிடும். கன்னக் காற்றுக்கும் நுரையீரல் காற்றுக்கும் மாறும் கணத்தில் நிறம் மாறாமல் வைப்பதற்குத்தான் பயிற்சி முழுக்க. கீழ்ச்சுரங்களில் காற்று அதிகம் போவதால் அங்கே கடினம், நடு, மேல் சுரங்களில் தொடங்குங்கள். ஈவன் பார்க்கர் என்ற கலைஞர் சொப்ரானோவில் இதையே வேறு வேலைக்குப் பாவித்தார். ஓட்டம் நிற்காததால் இரண்டு மூன்று குரல்கள் ஒரே குழலிலிருந்து பிரிந்து கேட்கும். அது எழுதிய இசையில்லை, அவர் தானே வளர்த்த மொழி.

அந்த வரிசையில் அந்தனி பிராக்ஸ்டனையும் கேளுங்கள். 1969இல் பதிவு செய்து 1971இல் வந்த ‘ஃபோர் அல்ரோ’, முழு இசைத்தட்டும் தனி அல்ரோ. ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றிரண்டு விஷயத்தை மட்டும் எடுத்து அதையே குடைகிறார். நிகழ்ச்சி எப்படிக் கட்டுவது என்று அதில் படிக்கலாம். எல்லா வித்தையையும் எல்லா உருப்படியிலும் காட்ட வேண்டியதில்லை.

அரியாலை_அல்ரோ எழுதியது:

சரி, இப்படி யோசித்திருக்கிறேன். நோடா 1, பிறகு பாண்ட்_மாஸ்ரர் சேர் மனம் குளிர ‘பிக்காசோ’வை நானே கேட்டு எழுதி அல்ரோவில், பிறகு ‘மாய்’. ‘பலஃபோன்’ அடுத்த வருஷம். சும்மா_வந்தவள் சொன்னதற்காக முதலில் எழுந்து நின்று, இதில் நிறுத்தங்கள் உண்டு, நான் கருவியை இறக்கும்வரை முடியவில்லை என்று இரண்டு வசனம் சொல்லிவிடுவேன். ஜனவரியில் வைத்தால் காற்றும் குறைவு, திருவிழாவும் இல்லை.

ஒரு கடைசிக் கேள்வி. ‘மாய்’யில் கீழ்ச்சுரத்துக்கு மெல்ல இறங்கும்போது குழறுகிறது. பலமாக ஊதினால் வருகிறது. உதடா, றீட்டா?

பாண்ட்_மாஸ்ரர் எழுதியது:

இரண்டும் இல்லை, பாட் (சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தை) ஒழுகுகிறது. இருட்டறையில் சின்ன ரோச் லைற்றைக் குழலுக்குள் இறக்கி, சாவிகளை மெல்ல மூடிப் பாரும். வெளிச்சம் கசிகிற இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் ஜி-ஷார்ப் சாவிதான். பலமாக ஊதினால் ஒழுக்கு மறைந்துவிடும், அதனால்தான் பாண்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கருவியைக் கொண்டு வாரும். என்னிடம் பழைய பாட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன, அளவு சரியென்றால் மாற்றிவிடுவோம்.

சும்மா_வந்தவள் எழுதியது:

பாட்டுகளா, பாட்களா சேர்?

பாண்ட்_மாஸ்ரர் எழுதியது:

பாட்கள். பாட்டும் இருக்கிறது, தேத்தண்ணியோடு வந்தால்.